செல்லைத் தட்டி எழுப்பும் செம்புக்குழாய்

“எட்டாங்கிளாஸ்ல நின்னவ நீ. உனக்கு ரத்தத்தைப் பத்தி என்ன தெரியும்?”

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் மாமா தங்கையிடம் கேட்டது இது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது அவள் வேலை. நாளுக்கு இருநூறு கண்ணாடி. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதே அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த அம்சம்.

மாமாவுக்கு ரத்தத்தைப் பற்றி எல்லாம் தெரியும். செல் மாஸ்டர் என்ற வைத்தியர் சொல்லியிருந்தார்.

டயர் கடை மாடியில் செல் மாஸ்டர் நோயாளிகளின் ரத்தச் செல்களைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். படிக்கட்டெல்லாம் கூட்டம். மூச்சு வாங்க ஏறியவர்கள், இறங்கும்போதும் மூச்சு வாங்கினார்கள். ஆனால் நம்பிக்கையோடு வாங்கினார்கள்.

நோயோடு சண்டை போடும் செல்கள் உண்டு, அவை சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் அடக்கிவைக்கும் செல்களும் உண்டு, இந்த நோயில் சிலருக்கு அடக்கும் கூட்டம் பெருகிவிடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். மாஸ்டர் இதை எங்கேயோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, மீதியைச் சொந்தமாகத் தயாரித்திருந்தார்.

“உள்ள இருக்கிற மேஸ்திரி செல்லு, வேலைக்காரன் செல்லைத் தூங்கவச்சிருச்சு. இந்தச் செம்புக்குழாயைப் பத்து நிமிஷம் பிடிங்க. மேஸ்திரி ஓடிருவான். ஆஸ்பத்திரி மருந்து ஏத்தினா திரும்பி வந்துருவான். அதை நிறுத்திடணும்.”

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மருந்து ஏற்ற வேண்டும். மாமா அக்காவை இங்கே கூட்டி வந்திருந்தார்; தங்கையும் கூட வந்திருந்தாள்.

மாஸ்டரின் மேசையில் கண்ணாடிகள் அடுக்கிய இரண்டு தட்டு, ஒரு மைக்ராஸ்கோப், அது காட்டுவதைப் பெரிதாக்கும் ஒரு திரை. முன்னால் ஒருவருக்கு வைத்தியம் நடந்தது. இடது தட்டிலிருந்து ஒரு கண்ணாடி, அதில் ஒரு சொட்டு ரத்தம். மாஸ்டர் கால் மணி நேரம் பேசியபின் அது திரையில் தெரிந்தது. செல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. குழாய் பிடித்த பிறகு வலது தட்டுக் கண்ணாடி. உடனே திரை. செல்கள் துள்ளி ஓடின. கூட்டம் கைதட்டியது.

தங்கை வலது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிகளின் நடுவில் லேசான ஈரம், ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புத்தண்ணீர் காய்ந்தால் அப்படித்தான் பூக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்தே அவள் நகம் தேய்ந்திருந்தது. உப்புத்தண்ணீரில் விட்டால் எவன் ரத்தமும் மிதந்து ஓடும். சும்மா காயவிட்டால் எவன் ரத்தமும் தூங்கும்.

அக்காவின் முறை வந்தது.

“மாஸ்டர்,” என்றாள் தங்கை. “ரெண்டு தட்டும் ஒரே கண்ணாடியா?”

“எல்லாம் வெறும் கண்ணாடிம்மா. சக்தி குழாயிலதான் இருக்கு.”

“அப்ப முதல்லயே வலது பக்கத்துக் கண்ணாடியில வைங்க.”

“ஏய், வாயை மூடு!” என்றார் மாமா.

“வெறும் கண்ணாடிதானே? வைக்கட்டும்,” என்றாள் அக்கா. ஊசியைத் தானே எடுத்து, விரலில் குத்தி, வலது தட்டுக் கண்ணாடியில் சொட்டினாள். தங்கை அதை லென்சுக்கு அடியில் தள்ளினாள்.

குழாய் இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. செல்கள் ஓடின.

பிறகு அக்கா பத்து நிமிஷம் குழாயைப் பிடித்தாள். இடது தட்டுக் கண்ணாடியில் ரத்தம் விட்டு, மாஸ்டர் வழக்கமாகப் பேசும் அளவுக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்கின.

“இந்த வலது தட்டுல என்ன தண்ணி விட்டிருக்கீங்க?” என்றாள் தங்கை. “இந்தத் திரையில தெரியறதெல்லாம் சிவப்பு அணு. நீங்க சொல்ற மேஸ்திரியை எண்ணப் பெரிய மெஷின் வேணும். அது எங்க இருக்கு?”

மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். “இன்னைக்குக் கரெண்டு சரியில்ல.”

“அந்தம்மா குழாயைத் தலைகீழாப் பிடிச்சிருக்கும்,” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். “அடுத்த டோக்கன் என்னுது!”

கண்ணாடியை மாற்றினால் மாறிவிடும் அற்புதத்துக்கு மணிக்கணக்கில் நிற்பவர்கள், நிற்கிற நேரத்தில் கொஞ்சம் யோசிக்கவும் செய்யலாம். அதற்கு டோக்கன் கிடையாது.

மாமா மாஸ்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் கால் விரல்களைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே கால். அக்கா விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாக நடந்தாள்.