பட்டை அண்ணனும் என் பிக்கப் வண்டியும்

காரைக்குடியில் வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாத ஒரே பட்டறை, பட்டை அண்ணனுடையதுதான். வண்டியின் பின்பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைத் தவிர உலகத்தில் வேறெதையும் அவர் மதித்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த இழுவை வண்டி ஒன்றை பிக்கப்பின் பின்னால் மாட்டி, பழைய வீடுகளைப் பார்க்க வருபவர்களை அழைத்துப் போகும் தொழிலை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். மாட்டியதும் பிக்கப் பின்புறம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. பக்கத்துக்கொரு பட்டை கூடப் போட்டால் போதும் என்றார்கள் தெரிந்தவர்கள். அவரிடம் போனேன்.

அவரோ முதலில் இழுவை வண்டிக்குள் ஏறி, முன்மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிச் சக்கரத்துக்கு நேர் மேலே மாற்றினார். அதன் பாரம் பிக்கப்மேல் விழக்கூடாதாம். பிறகு பட்டை போட்டார். பிறகு பட்டறைக்கு எதிரே இருந்த வேகத்தடை ஓரமாகத் தரையில் படுத்துக்கொண்டு, என்னை அதன்மேல் வண்டியை ஏற்றி இறக்கச் சொன்னார். பன்னிரண்டாவது தடவை கூட்டம் கூடிவிட்டது. அடிபட்டுக் கிடக்கிறார் என்று நினைத்து ஒரு அம்மாள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"செத்தத் தள்ளி நில்லுங்கத்தா, பட்டை மறைக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை என் முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். வியாழக்கிழமை போனால், போட்ட பட்டைகளைப் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். ரொம்ப விறைப்பாம். ஒன்றைக் குறைக்க வேண்டுமாம். கத்தித் தீர்த்தேன்.

"சாமான் மட்டும்னா இந்நேரம் விட்டுருவேன். ஆளுகளையும்ல ஏத்திக்கிட்டுப் போறீக" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஒரு பட்டையைக் குறைத்து அவர் மாட்டிக் கொடுத்த வண்டியில் மறுநாள் விருந்தாளிகளை ஏற்றிப் போகையில், ஒக்கூர் அருகே ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். பிக்கப்பும் இழுவை வண்டியும் ஒரே கோட்டில் நின்றன. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் விழிக்கக்கூட இல்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

பட்டை அண்ணனிடம் போனில் சொன்னேன். பின்பக்கம் எத்தனை தடவை ஆடியது என்று கேட்டார். ஒரு தடவை என்றேன்.

"ஒரு தடவையா? அப்ப நாளைக்குக் கொண்டாங்க."

எரிச்சலோடு போனை வைத்தேன். ஆனாலும் மறுநாள் அவர் பட்டறை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன். அவர் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.