எங்கள் காலனியில் வெள்ளைக்காரர் நடத்திய தேர்தல்

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கப்பலேறிப் போய்விட்டார்கள் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். நம்பாதீர்கள் பிள்ளைகளே. ஒருவர் மட்டும் விருத்தாசலத்தில், எங்கள் காலனியில் தங்கிவிட்டார்.

செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு அச்சு ஊற்றுவது அவர் வேலை. பிளாஸ்டர் மாவு தலை, மீசை, புருவம் என்று ஓர் இடம் விடாமல் படிந்திருக்கும். அதனால் எல்லோருக்கும் அவர் ‘வெள்ளைக்காரர்’. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்தால், யாரோ புது ஆள் என்று தெரு நாய் குரைக்கும். “நான்தான்டா” என்று அவர் சொன்ன பிறகுதான் வாலை ஆட்டும்.

நிஜ வெள்ளைக்காரர்கள் மேல் அவருக்குத் தீராத கோபம். காரணம், அவர்கள் ஆட்சியில் நடந்த முதல் தேர்தல்.

“எங்க பூட்டன் இந்த ஊருக்கே ஓடு செஞ்சி குடுத்தவரு. ஆனா அவரு இருந்தது கூர வூடு. வெள்ளக்காரன் மொத மொத எலெக்‌ஷன் வெச்சப்ப, ஓட்டு வூடு இருக்கறவனுக்குத்தான் ஓட்டுன்னுட்டான். அதனாலதான் அதுக்குப் பேரே ஓட்டு!” என்பார்.

பிற்பாடு என் மகளின் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். பெயர்க் கதை தப்பு. மீதி ஏறக்குறைய சரிதான். நிலமோ சொத்தோ வைத்து வரி கட்டியவர்களுக்குத்தான் அந்தத் தேர்தலில் ஓட்டு. ஏழைகளுக்கு இல்லை. பெண்களுக்கும் இல்லை.

நாங்கள் காலனிக்கு வாடகைக்கு வந்தவர்கள். கம்மாபுரம் பக்கம் இருந்த எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. காலனியின் கடைசி வரிசையில் பத்து வாடகை வீடுகள். பத்துக்கும் சேர்த்து ஒரு குழாய்கூடக் கிடையாது. நான் காலை ஷிப்டுக்குப் போய்விடுவேன். தண்ணீரோ பத்து மணிக்குத்தான் வரும். என் மனைவி ஏழு மாத வயிற்றோடு மூன்று தெரு தாண்டிக் குடம் சுமந்தாள்.

அப்போதுதான் காலனிச் சங்கத்துக்கு முதல் தேர்தல் வந்தது. நின்றவர்கள் இரண்டு பேர். மளிகைக்கடை அண்ணாச்சி, “கடைசி வரிசைக்குக் குழாய் போட்டுத் தரேன்” என்றார். எங்கள் ஓட்டெல்லாம் அண்ணாச்சிக்குப் போய்விடாமல் தடுக்க, எதிரே நின்ற ரிட்டயர்டு சார் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“வாடகைக்காரங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போவாங்க. சொந்த வூடு இருக்கறவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு!”

கூட்டத்தில் இருந்த சொந்த வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். தேர்தலை நடத்தித் தரச் சொல்லி வெள்ளைக்காரரைக் கேட்டார்கள்.

“நடத்தறேங்க. ஆனா இது வெள்ளக்காரன் காலத்து ரூலு. வெச்சா முழுசா வெக்கணும். சம்மதமா?”

“சம்மதம், சம்மதம்” என்றது கூட்டம். டீ வந்துவிட்ட அவசரம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நீங்களுமாண்ணா?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம வந்து பாருப்பா” என்று மீசையைத் தட்டிவிட்டார். மாவு பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்தவர் ரிட்டயர்டு சார்.

“வூடு யாரு பேர்ல சார்?”

“எங்க வூட்டம்மா பேர்ல.”

“அப்ப உங்களுக்கு ஓட்டு இல்லீங்க.”

“சரி, அவங்கள வரச் சொல்றேன்.”

“பொம்பளைங்களுக்கும் இல்லீங்க சார். வெள்ளக்காரன் ரூலு. அடுத்தது யாருங்க?”

அடுத்தவரின் வீடு, இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. “அப்ப அவரையே வந்து போடச் சொல்லுங்க.” இன்னொருவரின் பத்திரம் பேங்க்கில் கிடந்தது. “மேனேஜர அனுப்பி வைங்க.” அண்ணாச்சியின் வீடு அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில். “ஆளுக்குக் கால் ஓட்டு அண்ணாச்சி. பேப்பரக் கிழிச்சித் தரட்டுமா?”

பதினோரு மணிக்குக் காலனி முழுவதையும் சலித்துப் பார்த்ததில், மிஞ்சியது ஒரே ஒரு முழு ஓட்டு. அது வெள்ளைக்காரருடையது.

“அக்கிரமமா இருக்குதேய்யா! இதுக்குப் பேரு எலெக்‌ஷனா?” என்று கத்தினார் சார்.

“எங்க பூட்டன் காலத்துல இதத்தான் சார் எலெக்‌ஷன்னாங்க.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சார் மட்டும் வியர்த்துப்போய் நின்றார். கடைசியில், “போதும்யா! குடியிருக்கற எல்லாரும் போடட்டும், ஆள விடு!” என்றார். வெள்ளைக்காரர் அதை உடனே எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நான் கடைசி வரிசைக்கு ஓடினேன். என் மனைவி வயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். வெள்ளைக்காரர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “உக்காந்து போடும்மா. அவசரமே இல்ல.”

அண்ணாச்சி ஜெயித்தார். என் மகள் பிறப்பதற்கு முன்பே குழாய் வந்துவிட்டது.

முதல் தண்ணீரை என் மனைவி ஒரு சொம்பில் பிடித்து, அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்.

“எங்க வூட்லயே கொழா இருக்குதேம்மா!”

“இருக்கட்டும், குடிங்கண்ணா.”

அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். “எங்க வூட்டுத் தண்ணிய விட இதுதாம்மா இனிக்குது” என்றார்.

இரண்டும் ஒரே டேங்க்கிலிருந்து வருகிற தண்ணீர்தான், பிள்ளைகளே.