எங்கள் வீட்டு ஆணியில் ஒரு மொரீசியஸ் மாலை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பார்த்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவேன். பார்க்காத ஊர் என்றால் ஒரு மணி நேரமானாலும் எனக்கு நிறுத்தத் தெரியாது. இந்த வாய்தான் என் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல வரனைத் துரத்தியடித்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மாமல்லபுரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் வேலை பார்த்தேன். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இலங்கை, மாலத்தீவு, மொரீசியஸ் என்று தீவு தீவாக விற்பதுதான் வேலை. நான் போயிருந்த அதிகபட்ச தூரம் திருப்பதி, அதுவும் மொட்டை போட. ஆனாலும், "அங்க கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்று, காலையில்தான் அதில் குளித்துவிட்டு வந்தவன் போலச் சொல்வேன். (தலை ஈரமாகத்தான் இருக்கும். அது செங்கல்பட்டுக் கிணற்றுத் தண்ணீர்.)

அப்படிப்பட்டவனிடம் அசல் மொரீசியஸிலிருந்தே ஓர் அம்மாவும் மகனும் வந்து சேர்ந்தார்கள். அம்மா பெயர் தேவி, மகன் சிவா. அந்தக் காலத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வம்சம். வீட்டில் கிரியோல் பேசுவார்களாம், என்னிடம் ஆங்கிலம். தமிழ் பேச வராது. ஆனால் முருகன் பாட்டு என்றால் தேவியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிசிறில்லாமல் பாடுவார்.

மூன்று நாள் நான்தான் வழிகாட்டி. கடற்கரைக் கோயிலை நான் அவர்களுக்குக் காட்டினேனா என்பது சந்தேகம்தான். நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறையாம். காவடி இறக்கியதும் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்களாம். ரசத்துக்குப் பெயர் 'ரசோன்'. ஓரிடத்தில் மண் ஏழு நிறத்தில் இருக்கிறதாம், எவ்வளவு மழை பெய்தாலும் நிறங்கள் கலப்பதில்லையாம். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, சிவா அந்த மண்மேட்டின் முன்னால் தான் நிற்கும் போட்டோவை எடுத்துக் காட்டினார். தேவியம்மா தமிழ் எழுத்து அச்சடித்த மொரீசியஸ் ரூபாய் நோட்டு ஒன்றை, நீயே வைத்துக்கொள் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். நான் அதை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி நாள் திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் அந்தக் கோயிலில் பெருமாளுக்கு மாலை சாத்துவார்கள். அர்ச்சகர் ஒரு மாலையைத் திருப்பிக் கொடுப்பார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக மாட்ட வேண்டும். கல்யாணமானதும் ஜோடியாக வந்து அந்தக் காய்ந்த மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். முப்பத்தைந்து வயது சிவா வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்பது சுற்றும் சுற்றினார். அர்ச்சனைக்குச் சொல்ல அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதத் தாள் கிடைக்காமல், தேவியம்மா அந்தப் போட்டோவின் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். அது என்னிடமே தங்கிவிட்டது.

சுற்றி முடித்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அவர்கள் ஊர் விமான நிலையத்தில் பூவை உள்ளே விடமாட்டார்களாம். பூவோடு ஏதாவது பூச்சி வந்து கரும்பைத் தின்றுவிட்டால் சின்னத் தீவு என்ன ஆகும் என்று பயம். தேவியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்டுல வெச்சிக்கறேன்மா" என்றேன்.

மாலையைப் பார்த்ததும் என் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். "கல்யாண மாலை வூட்டுக்கு வர்றது நல்லதுடா. நம்ம வசந்திக்கும் ஒரு வழி பொறக்கட்டும்" என்று கூடத்து ஆணியிலேயே மாட்டினாள்.

வசந்தி என் அக்கா. பள்ளிக்கூடத்து டீச்சர். அதுவரை வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பஜ்ஜியை முடித்துவிட்டு, "போய்ச் சொல்றோம்" என்று போனவர்கள்தான், ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. இதுவும் தட்டிப் போனால் அம்மா படுத்தே விடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை, அவர் அப்பா, அத்தை மூன்று பேரும் வந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாப்பிள்ளை அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அப்போதுதான் அத்தையின் பார்வை ஆணிக்குப் போனது.

"இன்னாப்பா, திருவிடந்த மாலை மாதிரி கீது? யார்து?"

சாமி மாலை என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. அம்மாவும் கண்ணால் அதைத்தான் சொன்னாள்.

"அது மொரீசியஸ்ல இருக்கற ஒருத்தரோடதுங்க" என்றேன்.

"மொரீசியஸா?" மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். போதாதா எனக்கு? ஏழு நிற மண், ஏழு கறி, காவடி, கிரியோல் என்று மழையாகப் பொழிந்தேன். அவர்கள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆதாரம் கேட்கிறார்கள் என்று நினைத்து (யாரும் கேட்கவில்லை) ஓடிப் போய் போட்டோவை எடுத்துவந்து நீட்டினேன். மாப்பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்து, "சிவா, ரோகிணி நட்சத்திரம்" என்று சத்தமாகப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மாறாக, "இங்க பாருங்க, அவங்கம்மாவே குடுத்தது" என்று ரூபாய் நோட்டைப் பிரித்துக் காட்டினேன்.

அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"மாலை கீது. போட்டோ கீது. நட்சத்திரம் எய்திக் குட்த்துகிறாங்க, டப்பும் வந்துகீது. அப்பால நாங்க இன்னாத்துக்குப்பா இங்க பஜ்ஜி துன்னுகினு குந்திகினு கீறோம்?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். நான் சொல்லச் சொல்லச் சந்தேகம் உறுதியானதுதான் மிச்சம். அவர்களுக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். "பொண்ணுக்கு ஃபாரின் மாப்ள முடிஞ்சிருக்கு, நம்மள எதுக்கு வரச் சொன்னாங்க?" என்று அத்தை பஸ்ஸில் இருந்தவர்களிடமே நியாயம் கேட்டார்.

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் சத்தமாகப் போட்டாள். அக்கா திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் டம்ளர் கழுவிக்கொண்டே, "அந்த மண்ணு நெஜமாவே கலக்காதாடா?" என்று கேட்டாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்ற நினைப்பு வெகுநாள் என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து சிவா மனைவியோடு வந்து மாலையைக் கோயிலில் சேர்த்தார். அதற்குள் கதை பஸ் பஸ்ஸாக ஏறிச் செய்யூர் வரை போயிருந்தது. அங்கே வேர்க்கடலை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர், மொரீசியஸ்காரனுக்குப் பேசி வைத்த பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளாமே, அது யார் பார்ப்போம் என்று கிளம்பி வந்தார். பஜ்ஜி தின்றார். அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் மாமா என் தோளில் கை போட்டுக்கொள்வார். "அன்னிக்கு இவன் மட்டும் வாய மூடிகினு இருந்தான்னு வையி, வசந்தி எனுக்குக் கெடைச்சிருப்பாளா?"

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "அதுக்குத்தான் அவன நான் இன்னும் மன்னிக்கல."