ஓய்வு கேட்ட நாரை

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்வது, இந்தக் காட்டுச் சிங்கம் வயிறு சரியில்லை என்று குகையோடு அடங்கிவிட்டது. இப்போது அங்கே எல்லாமே நரி சம்புநாதன்தான். அவருடைய விமானக் கம்பெனியிலிருந்தே கதையை ஆரம்பிக்கிறேன்.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கைப்பிடி வைத்த ஒரு பிரம்புக் கூடை, அவ்வளவுதான். முயல், ஆமை, முள்ளம்பன்றி என்று யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து அதில் ஏறி உட்காரலாம். முள்ளம்பன்றி மட்டும் கூடை முழுவதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார யார் சம்மதிப்பார்கள்? ஒரு பறவை கைப்பிடியைக் காலால் பற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி அக்கரையில் இறக்கிவிடும். அந்தப் பறவைதான் விமானி.

நாரை நீலமேகத்துக்கு அந்த வேலை கிடைத்தபோது, அவன் மனைவி பவளம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"டை, தொப்பி, சம்பளம் எல்லாம் அவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கட்டும். ஒப்பந்தத்துல ஓய்வு மட்டும் கட்டாயம் இருக்கணும். நீங்க நின்ன இடத்துல தூங்குற ஆளு. பறக்கிற இடத்துல தூங்கினா என்ன கதி? கூடையில இருக்கிறவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே?"

நீலமேகம் போனான். நரியார் ஒப்பந்தத்தை வாசித்தார். விமானி கழுத்தின் முழு நீளத்துக்கும் டை கட்ட வேண்டும். ஆற்றுக்கு மேலே பறக்கும்போது மீனைப் பார்க்கக் கூடாது. தவறிப் பார்த்துவிட்டால் நாக்கில் எச்சில் ஊறக் கூடாது. காற்று எதிர்த்து அடித்தால் அது விமானியின் குற்றம். ஆதரவாக அடித்தால் அது நிர்வாகத்தின் திறமை.

"எல்லாம் சரிங்க மொதலாளி" என்று நீலமேகம் இழுத்தான். "ஓய்வு பத்தி ஒரு ஷரத்து..."

தூக்கி வெளியே வீசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டான். நரியாரோ முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா தம்பி! எழுதிட்டாப் போச்சு. 'விமானி ஓய்வு கேட்ட மாத்திரத்தில், காரணம் எதுவும் கேட்காமல், அந்த நொடியே ஓய்வு வழங்கப்படும்.' போதுமா?"

நீலமேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம்கூடக் கேட்க மாட்டாராமே! அதற்கு அடுத்த ஷரத்தில், ஓய்வு பெற்றவர் கம்பெனிக் கூடையைத் தொடக் கூடாது என்று இருந்தது. அதையும் படித்தான். தூங்குகிறவன் எதற்குக் கூடையைத் தொடப் போகிறான் என்று நினைத்து, அலகை மையில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் சொன்னபோது பவளம் மட்டும் மூக்கில் விரல் வைத்தாள். நாரைக்கு ஏது விரல் என்று கேட்காதீர்கள். "கேட்டதுக்கு மேலயே குடுக்கிறாரா? எங்கேயோ இடிக்குதே" என்றாள். "உனக்கு எதிலயும் சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு அவன் டை கட்டப் பழகினான்.

மழைக்காலம் வந்தது. ஆறு பெருகியது, படகுகள் நின்றன, காடே கூடைக்கு வரிசை கட்டியது. காலையிலிருந்து இருட்டும்வரை பறந்த பறப்பில் விமானிகளுக்கு இறக்கை கழன்றுவிடும்போல இருந்தது. முதலில் வாய் திறந்தது கொக்கு கோமளம். நல்ல வயசுப் பெண், முந்தின வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"மொதலாளி, ரொம்ப அசதியா இருக்கு. கொஞ்சம் ஓய்வு வேணும்."

"தாராளமா!" என்றார் நரியார்.

அன்று சாயங்காலமே பந்தல் போட்டுவிட்டார்கள். கோமளத்துக்குச் சந்தன மாலை, பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். 'பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக் கோமளம்' என்று பேனர் வேறு. அவள் திருதிருவென்று விழித்தாள். "ஐயோ, நான் தூங்கணும்னுதானே கேட்டேன்!" என்று அவள் கத்தியதைக் கைதட்டல் அமுக்கிவிட்டது. "இனி ஆயுசு பூரா தூங்கலாம்மா" என்று நரியார் தழுதழுத்தார். மறுநாள் அவளுடைய கூடையும் நீலமேகத்தின் தலையில் விழுந்தது, அந்தக் கூடைக்கான சம்பளத்தோடு.

அன்றிலிருந்து நீலமேகம் அந்த வார்த்தையை வாயால் சொல்லப் பயந்தான். யாராவது "ஓய்" என்று கூப்பிட்டாலே உடம்பு தூக்கிவாரிப்போட்டது. வேலை போனால் குஞ்சுகளுக்கு வழியில்லை. கேட்காமல் பறந்தாலோ, ஒருநாள் யாரையாவது ஆற்றில் போட்டுவிடுவான். ஒருமுறை போட்டே இருப்பான். நடு ஆற்றில் கண் அசந்து, கால் தளர்ந்து, கூடைக்குள்ளிருந்து ஆமை "ஏய்ய்!" என்று அலறியதில்தான் முழித்துக்கொண்டான். அன்று ராத்திரி பவளத்திடம் சொல்லி அழுதான்.

அப்படியிருக்கையில், அக்கரைக் காட்டிலிருந்து நரியாருக்கு அழைப்பு வந்தது. தொழிலாளர் நலம் பேணியதற்காக அவருக்கு விருதாம்! ஜரிகை வேட்டியும் கையில் தோல் பையுமாகக் கூடையில் ஏறி உட்கார்ந்தார். வேறு பயணிகள் வேண்டாம், வேட்டி கசங்கும் என்றார்.

நடு ஆற்றில் நீலமேகத்துக்குக் கண் சொக்கியது. கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யோவ்! தூங்கித் தொலைக்கிறியா?"

"ஆமாங்க மொதலாளி."

"மேல கூட்டிட்டு வந்துட்டு ஆமாங்கிறியே! இவ்வளவு தூக்கத்தை வச்சுக்கிட்டு வாயைத் திறந்து கேட்கிறதுக்கென்ன?"

கேட்பதா? நீலமேகம் கீழே பார்த்தான். செம்மண் நிறத்தில் வெள்ளம் சுழித்து ஓடியது. கூடையைப் பார்த்தான். நரியாருக்கு நீச்சல் தெரியாது என்பது காட்டுக்கே தெரியும். இத்தனை நாளும் தொண்டையில் சிக்கிக் கிடந்த வார்த்தை தானாக மேலே வந்தது.

"அப்ப எனக்கு ஓய்வு குடுங்க மொதலாளி."

நரியாருக்குச் சிரிப்பு வந்தது. பழக்க தோஷத்தில் "தாரா..." என்று ஆரம்பித்தார். அத்தோடு நின்றுவிட்டார்.

"கேட்ட மாத்திரத்துல, அந்த நொடியேன்னு எழுதியிருக்கீங்க" என்றான் நீலமேகம் பணிவாக. "ஓய்வு பெத்தவன் கூடையைத் தொடக் கூடாதுன்னும் இருக்கு. காலை எடுத்துரட்டுங்களா?"

"எடுக்காதே! ஐயோ, எடுக்காதே! ராசா, என் கண்ணு! ஓய்வுன்னா தூக்கம்யா! களைப்பாறுறது! உனக்குத் தமிழ் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஒப்பந்தத்துக்குத் தெரியலீங்களே."

ஒரு கால்விரலைத் தளர்த்தினான். நரியார் பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார். 'ஓய்வு என்றால் தூக்கம். தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாது. தானாக எழுந்ததும் அதே வேலை, அதே சம்பளம்.' அவசர அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேலே தூக்கிக் காட்டினார். போட்ட வேகத்தில் அவருக்கு நல்ல மனசே வந்துவிட்டது.

"அந்தக் கோமளத்தையும் திரும்பச் சேர்த்துக்கறேன்யா. அதையும் எழுதிரட்டுமா?"

நீலமேகம் யோசித்தான். கோமளம் வந்தால் இரண்டு கூடைச் சம்பளம் ஒன்றாகிவிடும்.

"அதெல்லாம் எதுக்குங்க மொதலாளி? அவ விஷயம் அவ ஒப்பந்தம். என்னோடதை மட்டும் தெளிவா எழுதினாப் போதும்."

நரியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பயலை இத்தனை நாள் வெறும் விமானியாகவே வைத்திருந்தோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

பத்திரமாக அக்கரையில் இறக்கிவிட்டான். அடுத்த கணமே ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டான். நரியார் விருதை வாங்கிக்கொண்டு, மாலையும் கழுத்துமாகத் திரும்பி வந்தார். நாரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்ப வாயெடுத்தார்; தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். வெயில் ஏறியது, வேட்டி வியர்வையில் ஒட்டியது. அந்த வழியாகப் போன முயல் ஒன்று "என்னங்கய்யா, இங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டது.

"ஷ்ஷ்! கத்தாதே" என்றார் நரியார். "விமானி தூங்குறாரு."

நீதி: முதலாளியிடம் நியாயம் கேட்பதென்றால் தரையில் நின்று கேட்காதே, பொன்னாடை போர்த்திவிடுவார். மேலே தூக்கிக்கொண்டு போய்க் கேள். ஆனால் உனக்கு மட்டும் கேள், அப்போதுதான் பதவி உயர்வும் கிடைக்கும்.