அரோகராவுக்கு விழுந்தவன்

கபடியில் எனக்கு ஒரே ஒரு திறமைதான் இருந்தது. நன்றாக விழுவேன். பிடிக்கத் தெரியாது, பாடிப் போனால் மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் காலைப் பிடித்துக்கொண்டு "அய்யோம்மா" என்று நான் உருண்டால் கல்லும் கரையும். (நடிக்கப் போயிருக்க வேண்டியவன், மூஞ்சி ஒத்துழைக்கவில்லை.)

இதை நம்பித்தான் எங்கள் கேப்டன் துரை திட்டம் போட்டான். வருடம் எண்பத்தொன்றோ இரண்டோ. எதிரணி வேங்கிக்கால். அவர்களுடைய கண்ணன் பாடி வந்தால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் போவான். நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் வேலை என்று பேச்சு. பார்ப்பதற்கு மில்லிலிருந்தே ஆள் வந்திருந்தார்.

"டேய் சேகரு, நாங்க களைச்சுப் போனா நான் 'அரோகரா'னு கத்துவேன். நீ உழுந்துடு. நடுவர் கடிகாரத்த நிறுத்துவாரு, நாங்க மூச்சு வாங்கிக்குவோம்."

நல்ல திட்டம்தான். ஆட்டம் கிரிவலப் பாதை ஓரத்து மைதானத்தில், அதுவும் பௌர்ணமியன்று என்பதை இரண்டு மேதைகளும் யோசிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாதையில் ஒரு கூட்டம், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" தொபீரென்று விழுந்தேன். அப்போது எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம். நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். துரை பல்லைக் கடித்தான். "நான் கத்தலடா!"

கடைசி இரண்டு நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். மறுபடி அரோகரா, மறுபடி விழுந்தேன்.

"முதல்ல வலது காலுதானே?" என்றார் நடுவர்.

நான் அவசரமாகக் காலை மாற்றினேன். கூட்டம் சிரித்தது. சிரிக்காதவன் கண்ணன் ஒருவன்தான்.

"யாரும் தொடாமலே உழுறான்னா இது வலிப்புங்க. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் வரும்." யாரிடமோ சாவிக்கொத்தை வாங்கி என் கையில் திணித்தான். மூட்டை மாதிரி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் ஓடினான்.

"ஆரம்பிங்க சார்!" என்று துரை துள்ளியதும், "தூக்கிட்டுப் போனவன் வர்ற வரைக்கும் கடிகாரம் நின்னுதான் இருக்கும்" என்று நடுவர் சொன்னதும் தோளில் தொங்கிய என் காதில் விழுந்தன.

"உங்க ஆட்டம்?" என்று முனகினேன்.

"ஆட்டம் கெடக்குது. மில்லு இல்லாட்டி வேற வேலை. உயிரு போனா வருமா? பயப்படாத, நான் இருக்கேன்."

எனக்கு அவமானத்தில் நிஜமாகவே வலிப்பு வரும்போல் இருந்தது.

"அண்ணே, எறக்கி விடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆக்ட் குடுத்தேன்."

இறக்கினான். அறை விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெஜமாவே ஒண்ணுமில்லியே?"

"இல்லண்ணே."

"அப்பாடா" என்றான். அவ்வளவுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான். சாகக் கிடந்தவன் ஓட்டப்பந்தயத்தில் வருவதைப் பார்த்து ஊரே எழுந்து நின்றது. மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தில் கண்ணன் எங்களில் மூன்று பேரைத் தொட்டான். வேங்கிக்கால் ஜெயித்தது, அவனுக்கு மில் வேலையும் கிடைத்தது. துரை என்னைத் துரத்தியதில் அன்று நான் கிரிவலப் பாதையில் பாதியை முடித்துவிட்டேன்.

மறுநாள் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்கக் கண்ணனைத் தேடிப் போனேன். அன்று ஒட்டிய சிநேகம் வளர்ந்து, இரண்டு வருடத்தில் கண்ணன் என் தங்கை புருஷனானார். இவரைவிட நல்ல மனுஷனை நான் எங்கே போய்த் தேடுவது? ஆனால் கதையும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்றும் எனக்குத் தலைவலி என்றால் மாத்திரைக்கு முன்னால் "அரோகரா"தான் வரும்.

கல்யாணமான மறு வருடம் குடும்பத்தோடு கிரிவலம் போனோம். யாரோ அரோகரா போட்ட அதே நொடியில் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் உயிர் போகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். "போதும் எந்திரிண்ணா, மேட்ச் முடிஞ்சுபோச்சு" என்கிறாள் தங்கை.

கண்ணன் மட்டும் குனிந்து முதுகைக் காட்டினார்.

"மாப்ள, இந்தவாட்டி நெஜமாத்தான்."

"நான் கேட்டனா மச்சான்? ஏறுங்க."

ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரும்வரை இறக்கிவிடச் சொல்லவில்லை.