உடைசலுக்குப் பத்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீ, மாமா, உன் கடையின் நான்கு தையல் மெஷின்கள் அனைவரும் நலமா? அந்த நாலாவது மெஷினை என் மகளுக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

பத்தாவது பரீட்சையில் கணக்கில் இருபத்தேழு வாங்கிப் பெயிலான நாளிலிருந்து பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். "மறுபடியும் எழுத மாட்டேன், அத்தை கடைக்கே போறேன்" என்று ஒரே பிடிவாதம். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டியோ, "அப்பாவுக்கே வராத கணக்கு பொண்ணுக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்?" என்று என்னையும் சேர்த்து வாரினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறேன், அறையை எட்டிப் பார்த்தே எத்தனை பெட்டி வேண்டும் என்று சொல்லிவிடுவேன், எனக்கா கணக்கு வராது என்று அதே கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன், மூன்று மணி நேரம் ஒரு கேள்வி விடாமல் எழுதினேன், தாள்களை அவள் கதவுக்கு அடியில் தள்ளி, "திருத்தும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து சிரிப்பு. மூன்று வாரமாகக் கேட்காத சிரிப்பு அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்து வந்தாள்.

"நீளம் பன்னிரண்டு, அகலம் பத்து. பரப்பளவு எப்படிப்பா நூத்தி முப்பத்திரண்டு வரும்?"

"உடைசலுக்கு நூத்துக்குப் பத்து சேர்த்திருக்கேன்மா. ஒட்டும்போது நாலு உடையாதா?"

"பரீட்சைல உடைசலெல்லாம் கிடையாதுப்பா!"

எல்லா விடையிலும் சேர்த்திருந்தேன். கூம்பின் மேற்பரப்பைக் கேட்ட இடத்தில், இதில் டைல்ஸ் நிற்காது, பெயின்ட் அடிக்கவும் என்று எழுதியிருந்தேன். அப்படியும் எனக்கு முப்பத்தொன்று! எட்டாவதோடு நின்றவன், அவளைவிட நாலு அதிகம். முப்பத்தைந்துக்குக் குறைந்தால் பெயில் என்பதால் இரண்டு பேரும் பெயில்தான், அது வேறு விஷயம். "எப்படிம்மா?" என்று கேட்டேன். விடை தப்பானாலும் போட்ட வழிக்கு மார்க் உண்டாம். பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்திருந்த தன் விடைத்தாள் நகலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஐந்து கேள்விக்கு வெறும் வெள்ளை. "தப்பாயிடுமோன்னு பயந்து தொடவே இல்லப்பா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் என்னை உட்கார வைத்து என் தப்புகளை எனக்கு விளக்குகிறாள். இந்த மண்டையில் ஏற்றுவதற்குள் அவளுக்கு அது மனப்பாடமாகிவிடுகிறது. திங்கட்கிழமை மறுதேர்வு. பாஸாவாளா, தெரியாது. ஆனால் ஒரு கேள்வியையும் விடமாட்டாள். தையல் நல்ல வேலைதான் அக்கா, ஆசைப்பட்டு வந்தால் நானே கொண்டுவந்து விடுவேன். பயந்து ஓடி வர வேண்டாம். மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. பெற்ற மகளைத் தோற்கடித்தே தூக்கி நிறுத்திய பெருமை எனக்கு மட்டும்தான்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
முப்பத்தொன்று வாங்கிய உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று என் மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவை கூட்டியும் இருபத்தொன்றுதான் வருகிறது. மகளிடம் கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உடைசலுக்குப் பத்துப்பா."