கண்ணாடி வைத்த அடுப்பு

திருச்சிராப்பள்ளியில் இருந்துகொண்டு குளிர்தேசத்து விறகுக் கணப்பு செய்த ஒரே மனிதர் எங்கள் காயில்தான். மறுப்பவர்கள் சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து மறுக்கலாம். இந்த ஊரில் எதையும் சூடாக்க நெருப்பு மூட்ட வேண்டியதில்லை, வாசலில் வைத்தால் போதும். இங்கே ஒருவர் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கி, பழைய இரும்பு சேர்த்து, ஒன்றல்ல, நான்கு கணப்பு செய்தார். நான்கின் புகையையும் சுவாசித்தவள் என்கிற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் அந்த வீட்டில் குடியிருந்த ஐந்து வருஷத்தில் அது என்னவென்று தெரியவில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியால் காயில் கட்டுவது தொழில். அதனால் காயில். வீடு ஸ்ரீரங்கத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில். முன்கட்டில் வீட்டுக்காரி கோமளா மாமி, தனியாக. மாடியில் நான். பின்னால், கிணற்றுக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட ஷெட்டில் காயில். நான் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் நர்ஸ் என்பது காயிலின் கணக்கு. எத்தனை தடவை சொல்லியும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டீயை நின்றுகொண்டே குடிப்பார், டிபனை நடந்துகொண்டே சாப்பிடுவார். நம்மிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கை நம் வீட்டுச் சாமான் எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும். எது ஒழுங்காக ஓடினாலும் அவருக்கு மனசு ஆறாது. ஒருநாள் மாடிக்கு வந்து மணி என்ன என்று கேட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். அன்று முதல் என் காலிங்பெல்லை அழுத்தினால் மாமி வீட்டில் அடித்தது. சரிசெய்யச் சொன்னேன். பிறகு இரண்டு வீட்டிலும் அடித்தது.

கணப்பு செய்ய நினைத்ததில் மட்டும் ஒரு நியாயம் இருந்தது. புதுக் காயில் கட்டிய மோட்டாரை வார்னிஷில் முக்கி, ஈரம் போக நன்றாகக் காயவைக்க வேண்டும். காயாமல் கொடுத்தால் ஒரே வாரத்தில் மறுபடி எரிந்து வரும். காயில் மோட்டாருக்குள் இரண்டு குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்பார். மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால் பல்பும் இல்லை, வெயிலும் இல்லை. உப்பிலியபுரத்திலிருந்து மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த விவசாயி மூன்று நாளைக்கு மூன்று தடவை வந்து வெறுங்கையோடு திரும்புவார். இந்த வேதனையில் இருந்தபோது, எங்கேயோ பனி கொட்டும் ஊரில் ஒருவன் டிரம்மை வெட்டிக் கணப்பு செய்து, பட்டறைக்குள் வெறும் பனியனோடு நிற்பதைப் போனில் பார்த்துவிட்டார். மாடி ஏறி வந்து எனக்கும் காட்டினார். உங்கள் ஷெட்டில் வருஷம் முழுக்க வெறும் பனியனோடுதானே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

முதல் அடுப்புக்கு ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன டிரம் கிடைத்தது. அதன் அடியில் அரை அங்குலம் தார் ஒட்டியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெருப்பு பெரிதாக எடுத்துக்கொண்டது. கிளம்பிய கரும்புகையில் பக்கத்துத் தெருக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள்.

அதுகூட மோசமில்லை. கிணற்றடிக்கு மேலே மாமியின் மடிக்கொடி இருந்தது. மாமிக்கு உயிர் வேறு, மடி வேறு இல்லை. துவைத்த ஒன்பது கஜத்தைக் கோலால் தூக்கி, கைக்கு எட்டாத உயரத்தில் போட்டுவிட்டால், மறுநாள் குளித்துவிட்டு அவரே எடுத்து உடுத்தும்வரை காக்கைகூட அதை யோசித்துத்தான் தொடும். அந்தப் புடவை முழுக்கத் தார்க் கரி. மாமி சத்தம் போடவில்லை. ஷெட் வாசலில் வந்து நின்று நிதானமாகச் சொன்னார்.

"இன்னொரு தடவை என் மடி மேல கரி விழுந்தா ஷெட்டைக் காலி பண்ணிடு."

ஸ்ரீரங்கத்தில் நாள் முழுக்கச் சுத்தியல் தட்டுகிறவனுக்கு இடம் கொடுக்க வேறு யாரும் இல்லை. அது காயிலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மாமிக்கும் தெரியும்.

சும்மா இருக்கலாம் அல்லவா. இரண்டாவது அடுப்புக்கு மாமியின் கொடியைத் தாண்டிப் புகை போக வேண்டும் என்று நீளமான புகைக்குழாய் வைத்தார். கிணற்றுக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய். அரைமணி நேரம் கம்பீரமாக நின்ற குழாய், பிறகு இளகி, வளைந்து, துளசி மாடத்தை நோக்கிச் சேவித்தபடி நின்றுவிட்டது. நல்லவேளை, அன்று கொடியில் துணி இல்லை. மாமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனார். நான் அன்று சாயங்காலம் காயிலைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன், போதும் என்று. போதும் என்ற சொல்லை அவர் வேறு யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதில் இரும்புக் குழாய். புகையை மேலே இழுக்க, குழாய்க்குள் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று. அதன் காயிலையும் அவரே புதிதாகக் கட்டினார். ஆயிரக்கணக்கில் மோட்டார் பார்த்த கை. ஆனால் கனெக்‌ஷன் கொடுக்கும்போது ஒரு கையில் போன், ஒரு கையில் டீ. இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, புகையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே தள்ளியது. அடுப்பின் வாய் வழியாக, ஜன்னல் வழியாக, தகரத்தின் ஓட்டை வழியாக ஷெட்டே இருமியது. கொடியில் அன்று இரண்டு புடவை இருந்தது.

ஐப்பசி முடிவதற்குள் காலி பண்ண வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார்.

சரி என்று தலையாட்டிய காயில், மறுநாளே ஒரு ஸ்டீல் பீரோவை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அடி துருப்பிடித்துப் போன காயலான் கடை பீரோ, கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் முழுசாக இருந்தது. பாவம், சாமான்களை எடுத்து வைக்க வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பார்த்தால், பீரோவின் அடித்தகட்டை அறுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"காலி பண்ணச் சொன்ன வீட்டுல புது அடுப்பு கட்டுறீங்களே, உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"பாதியில விட்டுட்டுப் போனா அங்க போயி எனக்குத் தூக்கம் வராது சிஸ்டர்" என்றார், அறுப்பதை நிறுத்தாமல்.

நாலாவது அடுப்பைக் குறை சொல்ல முடியாது. கீழே லாரியின் பிரேக் டிரம்மில் நெருப்பு. அதைச் சுற்றிச் செங்கல். மேலே பீரோ. நெருப்பின் சூடு மட்டும் பீரோவுக்குள் ஏறும், புகை தனிக் குழாயில் பீரோவைத் தொடாமல் என் மொட்டைமாடிக்கும் மேலே போய்விடும். பழைய போர்வெல் குழாய்தான் புகைபோக்கி. பீரோ தட்டுகளில் மோட்டார்கள் வரிசையாக உட்கார்ந்து காய்ந்தன. இரண்டு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு துளி கரி இல்லை. மாமிக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கமும் அவருக்கு இல்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. ஏழு நாள் விடவில்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. எட்டாம் நாள் காலையும் மழைதான்; மாமி பின்கட்டில் ஈரக் கொடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அவர் கணவரின் திவசம். மகன் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார். துவைத்துப் போட்ட ஒன்பது கஜமும், மகனுக்கான வேஷ்டியும் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தன. முந்தின வருஷம் ஈரத்தோடு உடுத்தி அடுப்படியில் நின்று தளிகை பண்ணியதில் மாமிக்கு மூச்சிரைப்பு வந்து, நான்தான் புத்தூருக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். பட்டு மடிதானே, அதை உடுத்தலாமே என்றேன்.

"பட்டு நம்ம சௌகரியத்துக்கு. திவசத்துக்கு அவர் ஒத்துக்கவே மாட்டார்."

அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இப்போதும் ஒத்துக்க மாட்டார் என்றபோது மாமியின் குரல் லேசாக இறங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை, அடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மாமி ஷெட்டின் பக்கம் திரும்பினார்.

"அதுக்குள்ள என்னெல்லாம் வெக்கறான்?"

"மோட்டார்தான் மாமி."

"மோட்டாருக்கு எச்சலும் கிடையாது, பத்தும் கிடையாது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். சமைத்த சோறு பட்ட தீட்டைத்தான் மாமி பத்து என்பார்.

நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. மாமி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர மடியோடு வந்து, ஷெட்டையும் பீரோவையும் கழுவிவிடுவார். அதன்பிறகு யாரும் உள்ளே வரக்கூடாது. விறகு வேண்டாம், மாமி வீட்டுத் தேங்காய்ச் சிரட்டை. காயில் வாசற்படிக்கு வெளியே நின்று வாயால் மட்டும் சொல்லலாம். கை நீட்டக்கூடாது.

தன் ஷெட்டில், தன் அடுப்பில், இன்னொருவர் நெருப்பு மூட்டுவதைக் காயில் மழையில் குடையோடு நின்று பார்த்தார். அந்த மனிதரை அப்படி நிறுத்தியது கொடுமைதான். குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். ஒரு கால் படியில் ஏறும், மாமி திரும்பிப் பார்ப்பார், கால் இறங்கும். குடைக் கம்பி ஒன்றை அவர் விரல்கள் கழற்றிவிட்டதை அவரே கவனிக்கவில்லை. சிரட்டை பிடித்துக்கொண்டது. மாமி கோலால் ஒன்பது கஜத்தையும் வேஷ்டியையும் தூக்கிப் பீரோவுக்குள் மாட்டினார். கதவை மூடப் போனபோது காயிலின் முகம் வெளுத்தது. என் பக்கம் குனிந்தார்.

"சிஸ்டர், காலைல புகைக்குழாய் எல்போவைக் கழட்டினேன். இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாம்னு. திருப்பி மாட்டினேன், போல்டை முறுக்கல."

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை. எனக்கு அவரைக் கிணற்றில் தள்ளலாம் போலிருந்தது. சூடு ஏறி அந்த மூட்டு கழன்றால் மொத்தப் புகையும் பீரோவுக்குள்தான் போகும். சொன்னால் மாமி கோபத்தில் அப்போதே கிளம்பச் சொல்லலாம். சொல்லாவிட்டால் திவசத்துணி போய்விடும். காயில் நான் பதில் சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை. குடையை மடக்கிக் கீழே போட்டார்.

"மாமி, துணிய வெளில எடுத்துடுங்க. தப்பு என் மேலதான். அந்த போல்டு லூசா இருக்கு."

மாமி போல்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"எதால முறுக்கணும்?"

பதினாலாம் நம்பர் ஸ்பானர், சுவரில் மூன்றாவது ஆணியில். மாமி அதை எடுத்து முதலில் ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு ஈரத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் ஒரு காலை வைத்து ஏறினார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டார். காயிலின் கை வெளியே காற்றில் திருப்பிக் காட்டியது. அவர் உடம்பு முழுவதும் அந்த போல்டோடு சேர்ந்து முறுகியது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பீரோவை மூடி நாற்பது நிமிஷம். காயில் அந்த நாற்பது நிமிஷமும் அசையவில்லை. மாமி கதவைத் திறந்து புடவையைக் கோலில் எடுத்து, முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். கதவுக் கண்ணாடியில் மூக்கின் மேலிருந்த கரியைப் பார்த்துத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இனிமே அந்த போல்டைக் கழட்டப்படாது."

இனிமே என்றால் கார்த்திகையிலும், தையிலும், அதற்கப்புறமும் என்று அர்த்தம். எனக்குப் புரிந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது. காயிலுக்குப் புரியவில்லை. அதில்லை மாமி, அந்த எல்போவை இன்னும் ரெண்டு இஞ்ச் தூக்கினா, என்று ஆரம்பித்தார். அவர் காலை நான் மிதித்தேன். மிதித்த பிறகும் இன்னொரு வாக்கியம் பேசிவிட்டுத்தான் நிறுத்தினார்.

அடுத்த வருஷம் அந்தத் திதி வந்தபோது மழையே இல்லை. ஐப்பசியில் அப்படியொரு வெயில், மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. திவசத்துக்கு முந்தின நாள் காலையில் கீழே எட்டிப் பார்த்தால் மாமி ஈர மடியோடு ஷெட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார். மாடியில் போட்டால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடுமே மாமி என்று கேட்டேன்.

"வெயிலை நம்ப முடியாதுடி."

ஷெட் வாசலுக்கு வெளியே காயில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகட்டி நின்றுகொண்டிருந்தார், கூப்பிடுவதற்கு முன்பாகவே. எனக்கு அன்று காலை டூட்டி. உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டு, படியில் உட்கார்ந்து அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.